பயப்படச் சொன்னவர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய குரல் கேட்டுவிடும்.

"பயப்படுங்க. நல்லா பயப்படுங்க. பயந்தாத்தான் சொன்ன நாளைக்கு வருவீங்க."

உள்ளே யாராவது ஒரு புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பக்கத்தில் அவன் மனைவி வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊரில் உள்ள மற்ற டாக்டர்கள் எல்லாம் தோளைத் தட்டி அனுப்புவார்கள். இவர் மட்டும் தோளைத் தட்டமாட்டார். கும்பகோணத்தில் பாத்திரக் கடைகள் முடிகிற தெருவில் ஆறு படுக்கை கொண்ட அவருடைய பிரசவ ஆஸ்பத்திரிக்கு 'பயமுறுத்தி ஆஸ்பத்திரி' என்றே பெயர். டவுன் பஸ் கண்டக்டர்கூட "பயமுறுத்தியெல்லாம் இறங்கு" என்பார். உண்மையான பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் விரும்பமாட்டார்.

ஒருமுறை கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மீனவர் ஒருவர் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"எல்லா டாக்டரும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏம்மா வாயத் தொறந்தாலே இப்படி?"

"ஒண்ணும் ஆகலன்னா வந்து என்னைத் திட்டிட்டுப் போங்க. ஆயிடுச்சுன்னா யாரைத் திட்டுவீங்க?"

"கடலுக்குப் போறவன்கிட்ட பயத்தப் பத்திப் பேசுறீங்களே."

"காத்து மாறுனா கரைக்குத் திரும்புவீங்கல்ல? எதை வெச்சுத் திரும்புறீங்க? தைரியத்தை வெச்சா?"

அவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த வருகைக்கான தேதியைச் சீட்டில் எழுதி அதன்கீழ் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

அவருடைய மேசைக்குப் பின்னால் தினம் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்கும். ஒவ்வொரு தாளிலும் அடிப்பகுதி இருக்காது. நல்ல நேரம், இராகு காலம், நட்சத்திரம் எல்லாம் அச்சிட்ட பகுதியை வருடத் தொடக்கத்திலேயே கட்டாகப் பிடித்துக் கத்தரித்துவிடுவார். தேதியும் கிழமையும் மட்டும் மிஞ்சும். அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர் என்று நர்ஸ் அக்கா சொன்னார். இந்த நர்ஸ் அக்கா ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தவர், பேச்சுக்காரர். டாக்டரம்மா முன்பு வேறெங்கோ வேலை பார்த்தபோது யாரிடமோ "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டார், அதன்பிறகுதான் இப்படி ஆனார் என்றும் சொன்னார். அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. கேட்டதாக மட்டும் எழுதிவைக்கிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தேன். வாய்க்கால் மதகைத் திறந்து மூடுவதும், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுகோலில் நீர்மட்டம் பார்த்து எழுதுவதும் என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எரு அடித்த நாள், பசு ஈன்ற நாள், மழை அளவு, எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். கல்யாணமான பிறகு, என் மனைவி செல்வி மாதவிலக்கான நாளில் பக்கத்தின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். "இதையுமா எழுதுவாங்க?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், தை மாதம் ஐந்தாம் தேதி, செல்வியை அவரிடம் முதல்முறை அழைத்துப் போனேன். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று அவர் அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நாட்குறிப்பைத் திறந்து "ஆவணி எட்டு" என்றேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"இங்க வர்றவங்க நாத்துப் பறிச்ச அன்னிக்குன்னு சொல்லுவாங்க. தேருக்கு மறுநாள்னு சொல்லுவாங்க. பக்கத்தைத் திறந்து தேதி காட்டுன மொத ஆளு நீங்கதான்."

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஸ்கேன் அறையில் திரையைப் பார்த்தபடி எட்டு நிமிடம் அவர் பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். செல்வி சிரித்தாள். அவர் சிரிக்காமல் கருவியை அதே இடத்தில் மறுபடி மறுபடி ஓட்டினார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நஞ்சுக்கொடி ஒண்ணுதான். நடுவுல தடுப்பு இருக்கு, ஆனா வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. அந்த ஒத்தை நஞ்சுக்குள்ள ரெண்டு பேரோட ரத்தக்குழாயும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்க் கலந்திருக்கும். அதுதான் எனக்குப் பயம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மதகு ஒண்ணு, வயல் ரெண்டு" என்றேன்.

"அப்படியே வெச்சுக்கங்க. ஒருத்தர் பக்கம் தண்ணி அதிகமாப் போகலாம். அவங்களுக்கு இதயம் திணறும். இன்னொருத்தர் காஞ்சு போவாங்க. ஒருத்தர் இதயம் நின்னுட்டா, மத்தவங்க ரத்தம் அந்தப் பக்கம் கொட்டி அவங்களையும் கொண்டுபோயிடலாம். உங்க மதகை நீங்க பூட்டலாம். இதைப் பூட்ட என்கிட்ட சாவி இல்ல."

"வைத்தியம்?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை பாக்கறது. சரியான வாரத்துல வெளிய எடுக்கறது. சீக்கிரம் எடுத்தா நுரையீரல் பழுத்திருக்காது. தள்ளிப்போட்டா உள்ளயே எது வேணா நடக்கலாம். எல்லாம் நல்லா இருந்தாலும் முப்பத்தாறு வாரம் முடிஞ்சதும் எடுத்துடுவேன். முப்பத்தேழைத் தாண்ட விடமாட்டேன்."

செல்வி மெதுவாகக் கேட்டாள். "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே டாக்டர்?"

"இருக்கு. பயப்படும்மா" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து நாட்களைக் கூட்டினேன். ஆவணி எட்டிலிருந்து முப்பத்தாறு வாரம் சித்திரை இருபதில் வந்து நின்றது. மறுபடி கூட்டினேன். சித்திரை இருபதுதான்.

இதைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவில் நிற்பான் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "வழக்கு என்னிக்குப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

வழக்கு சித்திரை இருபத்தாறில். அப்பா பண்ணையில் கூலியாக இருந்தவர். கூலிக்கும் நிலத்துக்குமாக ஊரே இரண்டுபட்டுக் கிடந்த காலத்துக்குப் பிறகு அவருக்குக் குத்தகையாகக் கிடைத்தது ஆறு மா நஞ்சை, இரண்டு ஏக்கர். எங்கள் வீடும் அதே நிலத்தின் மேட்டில்தான். அவர் இறந்ததும் நிலக்காரர் மனுப் போட்டார்: மகன் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறான், நேரில் சாகுபடி செய்யவில்லை, நிலத்தை ஒப்படைக்க வேண்டும். தோற்றால் நான் நிற்க வேண்டிய இடம் நிஜமாகவே தெருதான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து கட்சிக் கொடிதான் பறந்தது. என் கல்யாணம் ஐயர் இல்லாமல், மேடை போட்டு, மைக் வைத்து நடந்தது. மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்தில் நன்றியுரைகூடச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் அந்த டாக்டரிடம் போய், "அம்மா, சித்திரை வேணாம், வைகாசி பொறக்கட்டும்" என்று கெஞ்சியிருப்பார்கள். அவரும் திட்டி அனுப்பியிருப்பார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நாட்காட்டியின் அடியைக் கத்தரித்து வைத்திருக்கும் ஒருவர் முன்னால், கரை வேட்டி கட்டிய நான் எப்படி அதைக் கேட்பது? கேட்க வெட்கப்பட்டேன். அதனால் பொய் சொன்னேன்.

பிளேடை எடுத்து ஆவணி எட்டின் சிவப்புப் புள்ளியைச் சுரண்டினேன். தாள் கிழியாமல், எழுத்து எதுவும் கெடாமல். ஆவணி இருபதின் மூலையில் புதுப் புள்ளி வைத்தேன். அந்த இருபதைக் கணக்குப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்து முப்பத்தாறு வாரம் எண்ணினால் வைகாசி முதல் தேதி வரும்.

"கேட்டா இருபதுன்னு சொல்லு" என்றேன் செல்வியிடம்.

"பன்னெண்டு நாள்தானே. ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

தை பத்தொன்பதாம் தேதி டாக்டர் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். போன தடவை பக்கம் தவறிவிட்டது என்றேன். அவர் பழைய ஸ்கேன் தாளை எடுத்துப் பார்த்தார்.

"அளவு பழைய தேதியோட ஒத்துப்போச்சே."

அவர் செல்வி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. எட்டா, இருபதா?"

செல்வி தரையைப் பார்த்து, "இருபது" என்றாள்.

"அளவு ஒரு வாரம், பத்து நாள் முன்னப்பின்ன காட்டும்" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். சீட்டில் இருந்த எட்டின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இருபது என்று எழுதினார். "நீங்க சொல்றீங்கன்னு எழுதறேன்" என்றார். வேறு யாராக இருந்தாலும் எழுதியிருக்கமாட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அது பெருமையாகக்கூட இருந்தது.

அதன்பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்வந்தோம். ஆறாவது மாதம் முடிந்ததும் செல்வியிடம் இரண்டு டப்பாவும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொடுத்தார். ஒவ்வொரு உதைக்கும் ஒரு கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் பத்து மாறாவிட்டால் உடனே வரவேண்டும்.

"எது யாரோட உதைன்னு எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டாள் செல்வி.

"தெரியாது. ஒருத்தர் சும்மா இருந்து, இன்னொருத்தரே பத்தும் உதைச்சாலும் தெரியாது. அதனால பத்து வந்துட்டுதேன்னு நிம்மதியா இருக்காத."

பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் கொட்டை விழும் சத்தம்தான். டப்பாவில் அது விழும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். நான் எண்ணிக்கையை எழுதினேன். பதினெட்டு, இருபத்திரண்டு, பதினாறு. யாருடையது என்று எழுத முடியவில்லை.

அங்கே காத்திருக்கும் நேரங்களில் ஒன்று கவனித்தேன். பிரசவ அறைக்குள் போகுமுன் அவருக்கு டீ வரும். குழந்தை அழாமல் அதைத் தொடமாட்டார். ஜன்னல் விளிம்பில் ஆடை படிந்த டம்ளர்கள் வரிசையாக இருக்கும். "எங்க டாக்டரம்மா சூடா டீ குடிச்சு நான் பாத்ததே இல்ல" என்று நர்ஸ் அக்கா அவற்றைக் கொட்டிவிட்டுக் கழுவுவார்.

சித்திரை பதினைந்தாம் தேதி மதியம், ஸ்கேன் அறையில் மறுபடி அந்த மௌனம். இந்தமுறை பதினொரு நிமிடம். கருவியை வைத்துவிட்டு அவர் எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

"ஒருத்தரைச் சுத்தித் தண்ணி குறைஞ்சுபோச்சு. போன தடவை இப்படி இல்ல. வளரவும் இல்ல. இன்னொருத்தரைச் சுத்தித் தண்ணி ஏறியிருக்கு. இதுக்குத்தான் பயந்தேன்."

செல்வி கட்டிலில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தேதிப்படி இன்னிக்கு முப்பத்திமூணு வாரம், நாலு நாள். அப்படின்னா நுரையீரல் பழுக்கறதுக்கு இப்ப ஒரு ஊசி, நாளைக்கு இதே நேரத்துக்கு ஒண்ணு போட்டு, அதுக்கப்புறம் எடுப்பேன். உள்ள விட்டுவெக்கறதும் ஆபத்துதான். ஆனா மூச்சுவிடத் தெரியாம வெளிய வந்தா நம்ம ஊர்ல காப்பாத்த மெஷின் இல்ல." சற்று நிறுத்தினார். "பழைய தேதின்னா முப்பத்தஞ்சு தாண்டிடுச்சு. இப்பவே எடுத்துடுவேன். எந்தத் தேதி?"

"இருபதுதான் டாக்டர்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இருபது."

"மறுபடி கேக்கறேன். உங்க நோட்டை நம்பித்தான் நான் ரெண்டு உயிரைக் காக்க வைக்கறேன்."

ஒப்புக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா கதவருகே நின்றிருந்தாள். நான் மூன்றாவது தடவையும் இருபது என்றேன். மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு முதல் ஊசி போட்டு, செல்வியை அங்கேயே ஒரு படுக்கையில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குச் செல்வி என்னைக் கூப்பிட்டாள். டப்பா அவள் மடியில் இருந்தது.

"நேத்து சாயங்காலத்துல இருந்து நாலுதாங்க மாத்தியிருக்கேன்" என்றாள். பிறகு, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

டாக்டர் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். படியிலேயே நிறுத்தினேன். நாட்குறிப்பைத் திறந்து ஆவணி எட்டாம் பக்கத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சுரண்டிய மூலை மட்டும் வெளுத்து ஒளிவிட்டது.

"ஓட்டை விழாம சுரண்டியிருக்கீங்க" என்றார்.

அம்மாவைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே தன் அறைச் சுவரைப் பார்த்தார். அந்தப் பாதி நாட்காட்டியில் சித்திரை பதினாறு. "சித்திரைக்காகவா?" என்றார். நான் தலையாட்டினேன். "என்கிட்ட கேட்டிருக்கலாமே. முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் டீ வந்தது. எட்டு நாற்பத்தொன்றுக்கு ஒரு அழுகுரல் கேட்டது. நான் எழுதவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது குரல் வரவில்லை. எட்டு நாற்பத்தைந்து. அம்மா தரையில் உட்கார்ந்து, "சித்திரையோ எதுவோ, குடுத்துடு சாமி, குடுத்துடு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு நாற்பத்தொன்பதுக்குப் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். அதை அழுகை என்று நான் உடனே நம்பவில்லை.

இரண்டும் பெண். முதலாவது சிவந்து, உப்பி இருந்தாள். இரண்டாவது சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தாள்.

டாக்டர் வெளியே வந்து அந்த டீயை எடுக்காமல் நின்றார். சீட்டில் பழைய தேதியை டாக்டரம்மா அழிக்கவே இல்லை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கணக்கும் பார்த்தார் என்று நர்ஸ் அக்கா அப்போது என்னிடம் சொன்னார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

"சந்தேகம் இருந்துச்சு" என்றார். "பொய்யின்னு நெனச்சு நேத்தே எடுத்து, அது நெசமா இருந்திருந்தா? ரெண்டு பக்கமும் பயம். எதை நம்பறதுன்னு தெரியல. நோட்டை நம்பினேன்."

முதல் ஊசியிலிருந்து நான் அந்தப் பக்கத்தை நீட்டியதுவரை பதினெட்டு மணி நேரம், பத்து நிமிடம். அது மட்டும் நாட்குறிப்பில் இருக்கிறது.

சித்திரை இருபத்தாறில் அதிகாரிக்கு மாற்றல் வந்து வழக்கு வாய்தாவாகிப் போனது. பிறகு பல வருடம் இழுத்தது. நாங்கள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

சின்னவளுக்கு வலது கைவிரல்கள் சரியாகச் சேராது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுவாள். இடது கையால் எழுதுவாள், அழகாக எழுதுவாள். அவளுக்கு எட்டு வயதானபோது, கேட்டே ஆகவேண்டும் என்று அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். எட்டு வருடமாகக் கேட்க வேறு டாக்டர்கள் இல்லாமல் இல்லை. இவர் மட்டுமே பொய் சொல்லமாட்டார் என்பதால் இவரிடம் போனேன். அதனால்தான் எட்டு வருடம் போகாமலும் இருந்தேன்.

அவருக்கு எங்களை நினைவிருந்தது. மேசைமேல் இருந்த டப்பாவைச் சின்னவள் பக்கம் தள்ளி, "ஒரு கொட்டை எடுத்துக் குடு கண்ணு, இந்தக் கையால" என்றார். அவள் எடுத்தாள். விழுந்தது. மறுபடி எடுத்தாள். விழுந்தது. மூன்றாவது தடவை இடது கையால் அள்ளி, "இந்தாங்க, எத்தனை வேணும்?" என்று சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெளியே காத்திருந்த அவள் அக்காவிடம் அவளை அனுப்பிவிட்டு, "டாக்டர், அந்தப் பதினெட்டு மணி நேரம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினார். என்னை நெடுநேரம் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார். "அது முன்னாடியே உள்ளயே ஆயிருக்கும். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

அன்றைய பக்கத்தில் அவர் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதினேன். அதன்கீழே, அவர் வேறு யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை என்று எழுதினேன். பிறகு விளக்கை அணைக்காமல் எழுந்துபோய், இரண்டு பேரும் மூச்சு விடுகிறார்களா என்று பார்த்தேன்.